தட்டுக்கழி, தட்டுமணை: நாட்டிய வகுப்புக்கு வாங்குவோர் கவனிக்க

பரதநாட்டியம் சொல்லித்தர உட்காருகிறவருக்குச் சலங்கைகூட அப்புறம்தான். முதலில் வேண்டியது ஒரு கட்டையும் ஒரு கழியும். தட்டுமணை, தட்டுப்பலகை, வெறும் ‘கட்டை’ என்று ஆளுக்கொரு பெயர் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: ஏறக்குறைய ஓர் அடி நீளம், நாலைந்து அங்குல அகலம் உள்ள மரம்; அதைத் தட்ட, கைக்குள் அடங்கும் பருமனில் ஒரு கழி. மயிலாப்பூர் மாட வீதிகளில் நாட்டிய நகையும் உடையும் விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இணையத்திலும் கிடைக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பூவேலை செதுக்கிப் பளபளவென்று இருப்பதைப் பலர் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் தட்டும் இடத்தில் பூச்சு உரிகிறது, கழியின் முனை பிசிறடிக்கிறது, ஓசை செத்துப்போகிறது.

இந்தப் பொருளைப் பற்றி எழுத வந்தால் இன்னொன்றை எழுதாமல் இருக்க முடியாது. மணையில் விழ வேண்டிய கழி பிள்ளைகளின் முட்டியிலும் கணுக்காலிலும் விழுவது இன்றும் பல வகுப்புகளில் நடக்கிறது. தாளம் தவறிய காலைப் பார்த்துக் கழியை வீசி எறிவதும் உண்டு. ஆகவே நல்ல கழி எது என்பதோடு, அந்தக் கழியால் செய்யக் கூடாததை வேறு எப்படிச் செய்வது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஓசை. மணை தரவேண்டியது ‘டக்’ என்று வெட்டி நிற்கும் ஓசை. ‘தொம்ம்’ என்று இழுக்கிற மணை முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், காதுக்கு இதமாக இருக்கும்; அதைவிட நாலு மடங்கு வேகமான மூன்றாங்காலத்தில் காலை வாரிவிடும். கணக்கு எளிது. நிமிடத்துக்கு 60 தட்டு என்ற நடையில், அடவுகளில் (அடிப்படை ஆட்ட அசைவுகளில்) முதலாவதான தட்டடவை எடுத்தால், முதற்காலத்தில் நொடிக்கு 1 தட்டு, இரண்டாங்காலத்தில் 2, மூன்றாங்காலத்தில் 4. ஒரு தட்டின் கார்வை (இழுபடும் ஓசை) அடங்குவதற்குள் அடுத்தது விழுந்தால் நாலும் ஒன்றாகக் குழையும். பின்வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு எந்தத் தட்டில் கால் வைப்பது என்றே தெரியாது. அந்தப் பிள்ளையைத்தான் ‘தாளம் நிக்கல’ என்று திட்டுவார்கள். கோளாறு மணையில் இருக்கும்.

அதனால் கடையில் நின்றபடி ஒரு தட்டு தட்டிப் பார்த்து வாங்காதீர்கள். சம்மணமிட்டு உட்காருங்கள். தட்டடவின் சொற்கட்டான (தாளச் சொற்களான) ‘தெய்யா தெய்’ மூன்று காலமும், பிறகு ‘கிடதகதரிகிடதோம்’ ஒரு முறையும் தட்டுங்கள். கூட வந்தவரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, தட்டுகள் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று கேளுங்கள். அடிப்பக்கம் ஆழமாகக் குடைந்த மணைக்கு ஓசை பெரிது, கார்வையும் பெரிது. 20 பேர் ஆடும் கூடத்துக்கு லேசாகக் குடைந்தது போதும். நாலைந்து பேர் ஆடும் அறைக்குக் குடையாத கட்டியான பலகையே நல்லது.

மரத்தில் பலா, தேக்கு இரண்டுமே வரும். எந்த மரம் என்பதைவிட, அது நன்றாக உலர்ந்ததா என்பதே முக்கியம். பலகையின் குறுக்குவெட்டு முனையைத் திருப்பிப் பாருங்கள். மயிரிழை அளவில் கீறல் தெரிந்தாலும் வேண்டாம். கோடை வெயிலில் அது பிளக்கும். கனமான வார்னிஷ் பூசியதைத் தவிர்க்கலாம். கழி விழும் இடத்தில் அது முதலில் சிலும்பும், அப்புறம் ஓசையைத் தின்னும். எண்ணெய் மட்டும் தேய்த்து விட்ட மரம் கடைக்கண்ணாடியில் எடுப்பாகத் தெரியாது, ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். செதுக்கு வேலைக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். பூவேலையின் இடுக்கில் தூசு சேருவதோடு, விளிம்பு மெலிந்து முதல் விரிசலும் அங்கேதான் விடும்.

கழியை வாங்கும்போது எடைதான் முதல் கேள்வி. கனமான கழிக்கு ஓசை நன்றாக வரும், ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலி எடுக்கும். வலி எடுத்த கை அழுத்தித் தட்டும், வேகம் தானாகக் கூடும். ஆடுகிற பிள்ளைகள் மூச்சு வாங்குவார்கள், காரணம் யாருக்கும் புரியாது. கழியை நடுவிரலில் நிறுத்திப் பார்த்தால் சமநிலை, நடுவைத் தாண்டி முனைப்பக்கம் தள்ளிப் போகக் கூடாது. முனை உருண்டையாக இருக்க வேண்டும். வெட்டிய விளிம்போடு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். வழவழப்பான தரையில் மணை ஓடும். அடியில் நாலு மூலைக்கும் ரப்பர் துண்டு ஒட்டலாம், இல்லையென்றால் பருத்தித் துண்டை நாலாக மடித்துப் போடலாம்.

பொருள் பற்றி இவ்வளவுதான். கடினமானது இனிமேல்.

‘அடியாத மாடு படியாது’, ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்ற பழமொழிகளோடு கழியை ஓங்குகிறவர்கள், அதை மரபு என்பார்கள். அலாரிப்பு முதல் தில்லானா வரையான கச்சேரி வரிசையை 19-ஆம் நூற்றாண்டில் சீராக்கிய தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களின் வழியில் வந்த நட்டுவனார்கள் (நாட்டிய ஆசான்கள்), வீட்டோடு இருந்த சில பிள்ளைகளுக்கு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளையின் இடுப்பு எவ்வளவு திரும்பும், எந்தக் காலில் பலம் குறைவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களிலும் கடுமையானவர்கள் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம், ஒரே அறையில் 25 பேர். அந்த நெருக்கமும் நேரமும் பொறுமையும் போய், கழி மட்டும் மிச்சம். அதை மரபு என்று சொல்வது பழைய நட்டுவனார்களுக்கும் அநியாயம்.

அடியால் ஏன் பயன் இல்லை என்பதை ஒரு அரைமண்டியை (முட்டிகளைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும் நிலையை) கிட்டப் போய்ப் பார்த்தாலே தெரியும். பத்து வயதுப் பிள்ளை உட்கார்ந்து நிற்கிறது. பாதங்கள் இரண்டும் ஏறக்குறைய நேர்க்கோட்டில், பார்க்க அழகு. ஆனால் பாதத்தின் உள்வளைவு தரையோடு அமுங்கியிருக்கிறது. சுண்டுவிரல் மெல்ல மேலே எழும்பி, நகம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. முட்டி, கால்விரல்களுக்கு நேராக இல்லாமல் உள்ளே சாய்ந்திருக்கிறது. இடுப்பு திரும்பாத அளவுக்குப் பாதத்தைத் திருப்பியிருக்கிறது பிள்ளை. மிச்சத் திருகல் முழுவதும் முட்டியில் இறங்குகிறது. இந்த நேரத்தில் முட்டியில் கழி விழுந்தால் பிள்ளை என்ன செய்யும்? தொடையை இறுக்கும், தோளைத் தூக்கும், ஒரு நொடி முட்டியைப் பின்னால் தள்ளிக் காட்டும். ‘தப்பு’ என்று சொன்ன கழி, தப்பு இடுப்பில் இருக்கிறது என்று சொல்லவில்லை. அடுத்த அடவில் பழையபடி ஆகும், மறுபடி அடி விழும்.

இதைவிட மோசம், பின்னால் உட்கார்ந்து இரண்டு முட்டியையும் கையால் அகட்டி அழுத்துவதும், படுக்கவைத்துத் தொடைமேல் ஏறி நிற்பதும். கதகளியிலும் களரியிலும் காலால் உழியும், அதாவது மிதித்து நீவிவிடும், முறை இருக்கிறதே என்பார்கள். அது எண்ணெய், பருவம், பத்தியம் எல்லாம் பார்த்து, அதற்கென்றே பழகியவர்கள் செய்வது. அதன் ஒரு துண்டை மட்டும் பிய்த்து எடுத்து, உடம்பு சூடேறாத பிள்ளையின் தொடையில் ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இடுப்பு எலும்புக் குழியின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். எலும்பு தடுக்கிற இடத்தில் அழுத்தினால், விட்டுக்கொடுப்பது தசைநார்தான்.

மாற்று வழிக்குப் பெரிய செலவு இல்லை. வழவழப்பான தரையில் இரண்டு பாதத்துக்கும் அடியில் செய்தித்தாள் துண்டைப் போட்டுப் பிள்ளையைக் குதிகால் சேர்த்து, முட்டி நீட்டி நிற்கச் சொல்லுங்கள். இடுப்பிலிருந்து காலைத் திருப்பட்டும். தாள் வழுக்குவதால் தரையைப் பிடித்துப் பாதத்தை மட்டும் திருக முடியாது. எங்கே நிற்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் கோணம். சாக்கட்டியால் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 150 பாகை வரும், இன்னொருவருக்கு 100 தாண்டாது. 100 உள்ள பிள்ளை 100-இலேயே அரைமண்டி உட்காரட்டும்.

பிறகு சுவர். தலையின் பின்பக்கம், தோள்பட்டை, பிட்டம் மூன்றும் சுவரில் படும்படி நின்று, மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். குதிகால் எழும்பும் கணத்தில் நிறுத்துங்கள். அந்த உயரத்தில் உச்சந்தலைக்கு நேரே சுவரில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. முதல் வாரம் 8 எண்ணிக்கை நிற்பது 3 முறை; நடுவில் எழுந்து காலை உதற வேண்டும். இரண்டு வாரம் கழித்து 12, பிறகு 16. ஒருக்களித்துப் படுத்து முட்டியை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல்முட்டியை மட்டும் திறந்து மூடுவது பக்கத்துக்கு 10. இடுப்பைத் திருப்பும் தசைக்கு இதைவிட எளிய வேலை கிடையாது. மாதம் ஒரு முறை புதுக்கோடு போட்டால், கோடு இறங்குவதைப் பிள்ளையே பார்க்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றாலும் பாதகமில்லை. முட்டி நேராக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

முட்டி நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தட்டுக்கழியே உதவும். கழியை முட்டிக்கு முன்னால் செங்குத்தாக, உடம்பில் படாமல் பிடியுங்கள். மேல்முனை முட்டியின் நடுவுக்கும், கீழ்முனை பாதத்தின் இரண்டாவது விரலுக்கும் நேராக நின்றால் சரி. பிள்ளை தானே குனிந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும். கையால் தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால், ‘தொடட்டுமா கண்ணு?’ என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஒரு வினாடி வேலை.

தாளம் தவறுகிற பிள்ளை அடுத்த சிக்கல். மூன்றாங்காலத்தில் பின்தங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாளம் தெரியாதவர்கள் இல்லை. முதற்காலத்தில் குதிகால் பிட்டத்தைத் தொடும் அளவுக்குக் காலைத் தூக்கப் பழகியவர்கள், அதே உயரத்தை மூன்றாங்காலத்திலும் தூக்கப் பார்க்கிறார்கள். நேரம் எப்படிப் போதும்? வேகம் ஏற ஏறத் தூக்கும் உயரம் குறைய வேண்டும் என்று சொன்னாலே பாதி சரியாகும். மீதிக்கு இந்த வரிசை: ஆடுவதை நிறுத்தி உட்காரவையுங்கள். கையால் தாளம் போட்டுச் சொற்கட்டை வாயால் சொல்லட்டும். அடுத்து உட்கார்ந்தபடியே பாதத்தை மட்டும் தட்டட்டும். பிறகு நின்று, அரைமண்டி இல்லாமல். கடைசியில்தான் அரைமண்டியோடு. அடிப்படை நடையை 60-இலிருந்து 40-க்கு இறக்கிக்கொண்டால் மூன்றாங்காலம் நிமிடத்துக்கு 240-க்குப் பதில் 160 தட்டாகும். 40, 46, 52 என்று வாரா வாரம் ஏற்றுங்கள். கழி எப்போது வரும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு ஆடும் பிள்ளைக்குக் காது வேலை செய்யாது. அதனாலேயே அடிக்கிற வகுப்பில் கால் அரைத் தட்டு தாமதமாக விழும்.

நாட்டியாரம்பத்தில் (கைகளைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கும் நிலையில்) முழங்கை தொங்குவதற்கும் அடி விழுவதுண்டு. தோள் தசை சீக்கிரமே களைத்துப்போகும், அவ்வளவுதான் விஷயம். 8 எண்ணிக்கை பிடித்து, 8 எண்ணிக்கை கையைக் கீழே விட்டு, மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கையைத் தூக்கச் சொல்லாமல் தோள்பட்டையை முதுகுப்பக்கம் இறக்கச் சொன்னால் கை தானாக நிற்கும். பதாகத்தில் (விரல்களைச் சேர்த்து நீட்டும் முத்திரையில்) விரல் வளைந்தால் பிடித்து முறுக்க வேண்டாம். உள்ளங்கையைச் சுவரில் பதித்து 10 எண்ணிக்கை, தினமும்.

அடிக்குப் பயந்த பிள்ளை வலியைச் சொல்லாது. நாட்டிய வகுப்பில் நடக்கும் மிகப் பெரிய தீங்கு இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெறுங்காலால் சிமெண்ட் தரையிலோ டைல்ஸிலோ தட்டுகிற பிள்ளைக்கு முன்னங்கால் எலும்பு வலிப்பது சகஜம். வலி எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவியிருந்தால் பெரும்பாலும் ஓய்வில் அடங்கும். ஒரே விரல் வைக்கும் இடத்தில், தொட்டால் துள்ளும் அளவுக்கு வலித்தாலோ, படுக்கையிலும் வலித்தாலோ, எலும்பில் நுண்கீறல் இருக்கலாம். அன்றே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். 10 முதல் 14 வயதுக்குள் முட்டிச்சிப்பிக்குக் கீழே புடைத்து வலித்தால், அது வளரும் எலும்பின் முனை. மண்டியிட்டு ஆடும் மண்டி அடவும் குதித்து இறங்கும் அடவுகளும் சில காலம் வேண்டாம். ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கிய பிள்ளை இதை வாயே திறக்காமல் ஆடிக்கொண்டிருக்கும். வகுப்பு தொடங்கும்போது ‘இன்னைக்கு யாருக்கு எங்க வலிக்குது?’ என்று தினமும் கேட்பது, எந்த விலை உயர்ந்த கட்டையையும்விடப் பெரிய முதலீடு.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. மரச்சட்டத்தின்மேல் பலகை, நடுவே காற்றிடைவெளி, இதுதான் சரியான ஆடுதளம். வாடகை மாடியில் அது முடியாவிட்டால், அடர்ந்த ரப்பர் விரிப்பின்மேல் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேராக வராமல். யோகா பாய் போடாதீர்கள். பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முட்டி மட்டும் திரும்பும். வெறும் தரைதான் கதி என்றால் மூன்றாங்காலத் தட்டுக்கு ஒரு வகுப்பில் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மணைக்குப் பதிலாகத் தாளக் கருவியோ கைபேசிச் செயலியோ போதுமா என்று கேட்கிறார்கள். வீட்டில் சாதகம் பண்ணும் பிள்ளைக்குப் போதும், தனி மணை வாங்கித் தர வேண்டாம். வகுப்புக்கு முழுமையாகப் போதாது. இயந்திரம் பிள்ளைக்காக ஒரு கணம் காத்திராது. நல்ல ஆசிரியரின் கை காத்திருக்கும். ஆனால் ஒரு பெரிய வசதி உண்டு: தாளத்தை இயந்திரத்திடம் விட்டுவிட்டு ஆசிரியர் எழுந்து வரிசைக்குள் நடக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்த நினைக்கிறவருக்குத்தான் கழி நீளமாகத் தேவைப்படுகிறது. வகுப்பில் பாதி நேரம் இயந்திரத்தையும் பாதி நேரம் மணையையும் வைத்துக்கொள்வது நல்லது.

பெற்றோர் பார்க்க வேண்டியது: தட்டாத நேரத்தில் கழி எங்கே இருக்கிறது, ஆசிரியர் எழுந்து வருகிறாரா, உடல் பருமன், நிறம் பற்றி வாயால் அடிக்கிறாரா. வாசலில் உட்கார்ந்து பார்க்கவே கூடாது என்றால், வேறு வகுப்பு தேடுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடியையும் மன உளைச்சலையும் தடுப்பது பள்ளிக்கூடங்களுக்குத்தான். ஆனால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவர் அதைத் தாக்கிக் கொடுமை செய்தாலும் பொருந்தும். மாடியில் நடக்கும் நாட்டிய வகுப்பு அதற்கு விலக்கல்ல.

வாங்குவதென்றால்: வேலைப்பாடில்லாத, எண்ணெய் தேய்த்த, லேசாகக் குடைந்த மணை; முனை மழுங்கிய இலேசான கழி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நல்லெண்ணெய் ஒரு சொட்டு தடவித் துடையுங்கள்; மழைக்காலத்தில் ஈரத் தரையில் வைக்காதீர்கள். வாங்கிய அன்றே கழியின் பிடிப்பக்கம் சிறு துளை போட்டு, பருத்திக் கயிற்றால் மணையோடு முடிந்துவிடுங்கள். கயிறு ஒரு முழம் இருந்தால் மூன்று காலத்துக்கும் தாராளமாகக் கை ஓடும். கழி தொலையாது, வீசவும் வராது.